வெள்ளை பூத்த வயலுக்கு விடை தேடியவர்

மண்ணியல் அறிஞர் யூஜின் ஹில்கார்டின் வாழ்க்கையும், பாசன நீரைப் பற்றி அவர் கண்டறிந்தவையும்

கிணற்றுப் பாசனம் செய்யும் வயலில் ஈரம் காய்ந்ததும் மண்ணின் மேல் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சில வயல்களில் அந்தப் படலம் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். அங்கே விட்ட தண்ணீர் இறங்காமல் கலங்கலாகத் தேங்கி நிற்கும். ஈரத்தில் சேறாக ஒட்டும், காய்ந்தால் ஓடு போல இறுகும். முன்னது உவர் நிலம், பின்னது களர் நிலம். உவரைச் சரிசெய்ய நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். களருக்கு இவற்றோடு, முதலில் ஜிப்சமும் வேண்டும்.

மண் பரிசோதனை நிலையங்களில் இன்று சாதாரணமாகச் சொல்லப்படும் இந்த வேறுபாட்டை அறிவியல் முறையில் நிலைநாட்டியதில் பெரும்பங்கு யூஜின் வால்டெமர் ஹில்கார்டுக்கு உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுமார் 30 ஆண்டுகள் பணியாற்றிய அவர், பாசன நீரைப் பாராமல் மண்ணைப் பற்றிப் பேச முடியாது என்பதை ஆய்வுக்கூடத்திலும் வயலிலும் காட்டினார். நவீன மண் அறிவியலைத் தொடங்கி வைத்தவர்களின் வரிசையில் ரஷ்யாவின் டொகுச்சாயெவோடு சேர்த்து வைக்கப்படுபவர் அவர்.

நீதிபதியின் மகன், பண்ணையில் வளர்ந்தவர்

ஹில்கார்ட் 1833 ஜனவரி 5 அன்று ஜெர்மனியின் ஸ்வைப்ரூக்கன் நகரில் ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்பா அங்கே நீதிபதி. அரசியல் சுதந்திரத்தில் நம்பிக்கை கொண்ட அவர், அன்றைய ஆட்சியின் போக்கு பிடிக்காமல் பதவியை உதறிவிட்டுக் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இல்லினாய்ஸ் மாநிலத்தின் பெல்வில் ஊருக்கு அருகே நிலம் வாங்கி விவசாயத்தில் இறங்கினார்.

அந்தப் பகுதியில் இதேபோல் குடியேறிய படித்த ஜெர்மானியர்கள் பலர் இருந்தார்கள். பகலில் ஏர் பிடித்து, இரவில் லத்தீன் நூல்களைப் படித்த அவர்களை மற்றவர்கள் லத்தீன் விவசாயிகள் என்று கேலியாக அழைத்தார்கள். நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லாததால் அப்பாவே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். யூஜின் சிறுவயதிலிருந்தே உடல்நலம் குன்றியவர். ஆனாலும் பண்ணையைச் சுற்றியிருந்த செடிகளையும் பூச்சிகளையும் கற்களையும் ஆராய்வதில் அவருக்கு அலுப்பே வந்ததில்லை.

16 வயதில் ஐரோப்பாவுக்குப் போய் ஹைடல்பர்க், சூரிச், ஃபிரைபர்க் ஆகிய இடங்களில் வேதியியலும் சுரங்கவியலும் படித்தார். 1853-இல், 20 வயதில், ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அவருடைய ஆசிரியர் ராபர்ட் புன்சன். பள்ளி ஆய்வுக்கூடங்களில் நாம் பார்க்கும் புன்சன் அடுப்புக்குப் பெயர் தந்தவர் இவர்தான். அடுத்து, உடல்நலம் தேற ஸ்பெயின் நாட்டில் சில காலம் தங்கினார். அங்கே பழகிய ஹெசூசா பெல்யோ என்ற பெண்ணைப் பின்னர் 1860-இல் மணந்துகொண்டார்.

செடியைப் பார்த்து நிலத்தைச் சொன்னவர்

1855-இல் மிசிசிப்பி மாநில நிலவியல் அளவைத் துறையில் உதவியாளராகச் சேர்ந்தார். மூன்றாண்டுகளில் அதன் தலைவரானார். நிலவியலாளர் என்றால் தாதுக்களைத் தேடுபவர் என்றே அப்போது எல்லோரும் நினைத்தார்கள். மிசிசிப்பியிலோ தோண்டியெடுக்கப் பெரிய தாதுவளம் இல்லை, பருத்தி விவசாயம்தான் இருந்தது. எதற்கு இந்தத் துறைக்கு வரிப்பணம் என்று சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது.

மாநிலத்தின் பெரும் செல்வம் மண்தான், அதை ஆராய்வதே துறையின் முதல் வேலை என்று ஹில்கார்ட் முடிவு செய்தார். வண்டி கட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் பயணம் செய்தார். எந்த மண்ணில் எந்த மரம் இயற்கையாக வளர்கிறது, அது ஓங்கி வளர்கிறதா குட்டையாக நிற்கிறதா என்று குறித்துக்கொண்டார். அதே இடத்தின் மண்ணை ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்தார். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் ஒருவகை மரங்களும், அது குறைந்த மண்ணில் வேறுவகை மரங்களும் நிற்பது தெளிவானது.

உமரி தழைத்தால் அந்த நிலத்தில் உப்பு இருக்கிறது என்று நம் கடலோர விவசாயிகள் சொல்வார்களே, அதே வகை அறிவுதான் இது. நிலம் வாங்க வந்த அமெரிக்க விவசாயிகளிடமும் இந்த அறிவு இருந்தது. அதைப் பாமரர் பேச்சு என்று தள்ளாமல், வேதியியல் சோதனையோடு பொருத்திப் பார்த்ததே ஹில்கார்டின் பலம். மிசிசிப்பியின் நிலவியலையும் விவசாயத்தையும் பற்றி 1860-இல் அவர் எழுதி முடித்த அறிக்கை அந்தத் துறையில் முன்னோடியாக மதிக்கப்படுகிறது.

அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. போருக்குப் பின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராகவும், 1873 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1875-இல் பெர்க்லியில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வேளாண் பேராசிரியர் பதவியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 42.

சந்தேகத்தோடு பார்த்த விவசாயிகள்

அவர் போய்ச் சேர்ந்த நேரம் நல்ல நேரமில்லை. வேளாண் கல்விக்கென்று கிடைத்த அரசு நிலமானியத்தை வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகம் இலக்கியமும் தத்துவமும் நடத்துகிறது என்று கலிபோர்னிய விவசாயிகள் சங்கம் கொதித்துக்கொண்டிருந்தது. விவசாயிகளின் ஆதரவைப் பெற்றிருந்த முந்தைய வேளாண் பேராசிரியர் பதவி நீக்கப்பட்டிருந்தார். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், ஜெர்மன் வாடையடிக்கும் ஆங்கிலம் பேசும் ஒரு வேதியியல்காரர். இவருக்கு உழவு என்ன தெரியும் என்று கேட்டவர்கள் பலர்.

மாணவர்களுக்கு ஏர் பிடிக்கவும் மாடு கறக்கவும் கற்றுக் கொடுப்பதே வேளாண் கல்லூரியின் வேலை என்பது சங்கத்தின் வாதம். அதைப் பண்ணையிலேயே கற்றுக்கொள்ளலாம், பண்ணையில் விடை கிடைக்காத கேள்விகளுக்கு விடை தேடவே பல்கலைக்கழகம் இருக்கிறது என்பது ஹில்கார்டின் நிலை. இதை அவர் விவசாயிகளின் கூட்டங்களுக்கே போய்ப் பேசினார்.

பேச்சோடு நிற்கவில்லை. சொற்ப நிதியில் பல்கலைக்கழக வளாகத்திலேயே வயல் சோதனைகளைத் தொடங்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்த மிகத் தொடக்ககால வேளாண் சோதனைகளில் இவையும் அடங்கும். மண்ணையும் தண்ணீரையும் அனுப்பினால் சோதித்துச் சொல்கிறோம் என்று விவசாயிகளுக்கு அறிவித்தார். மண் மாதிரி எடுப்பது எப்படி என்று குறிப்பு எழுதி அச்சிட்டார். மேல்மண்ணை மட்டும் சுரண்டி அனுப்பினால் பயனில்லை, அடிமண்ணையும் ஆழவாரியாக எடுக்க வேண்டும், அந்த இடத்தில் முன்பு என்ன செடி வளர்ந்தது என்பதையும் எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார். வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுவதை ஆய்வுக்கு இடைஞ்சலாக அவர் நினைக்கவில்லை. எந்தக் கேள்வியை ஆராய வேண்டும் என்பதை அந்தக் கடிதங்களே அவருக்குக் காட்டின.

தண்ணீர் வந்தது, நிலம் செத்தது

அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த புகார் ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் நடுவே சான் வாக்கீன் பள்ளத்தாக்கு இருக்கிறது. கிழக்கே பனிமூடிய மலை, மலையிலிருந்து இறங்கும் ஆறுகள், கீழே பரந்த சமவெளி. மழை மிகக் குறைவு. 1870-களிலும் 1880-களிலும் ஆறுகளிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டு வந்தார்கள். பாலையாகக் கிடந்த நிலம் கோதுமையும் திராட்சையும் விளைந்து பச்சையாயிற்று. நிலத்தின் விலை ஏறியது. வெளியூர்களிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின.

சில ஆண்டுகள் நன்றாக விளைந்த வயல்களில் திட்டுத் திட்டாகப் பயிர் காய்ந்தது. திராட்சைக் கொடி பட்டுப்போனது. மண்ணில் வெள்ளைப் படலம் பூத்தது. சில இடங்களில் குழிகளில் தேங்கிய நீர் கறுப்புக் காபி போல இருந்தது. தண்ணீர் இல்லாத காலத்தில் இல்லாத கேடு தண்ணீர் வந்த பிறகு எப்படி வந்தது என்பது விவசாயிகளுக்குப் புரியவில்லை. கடன் வாங்கி நிலம் வாங்கியவர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி.

ஹில்கார்ட் இரண்டு பக்கமும் தேடினார். ஒன்று தண்ணீர், மற்றொன்று மண்.

தண்ணீரில் தேடியபோது டுலேரி ஏரி அவருக்குப் பாடமாக அமைந்தது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. அதில் வந்து விழுந்த ஆறுகளின் தண்ணீரைப் பாசனத்துக்குத் திருப்பியதும் ஏரி சுருங்கத் தொடங்கியது. வெவ்வேறு ஆண்டுகளில் அதன் நீரை எடுத்துச் சோதித்தபோது, ஏரி வற்ற வற்ற உப்பின் அளவு ஏறிக்கொண்டே போனது தெரிந்தது. ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஏரிக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு வயலுக்கும் பொருந்தும்.

இன்றைய அளவுகளில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு உள்ள கிணற்று நீர், வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் கட்டினால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் போகிறது. அதோடு 100 கிலோ உப்பும் போகிறது. ஆண்டுக்கு 20 அங்குலம் பாய்ச்சினால் 2 டன். பயிர் அந்த உப்பில் மிகச் சிறிதளவையே எடுத்துக்கொள்ளும். மீதியை மழையோ கூடுதல் பாசனமோ வேருக்குக் கீழே தள்ள வேண்டும், வடிகால் அதை வெளியே கொண்டுபோக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது வயலிலேயே இருக்கும்.

உப்பு கீழிருந்து ஏறியது

மண்ணில் தேடியபோது இன்னொரு காரணம் கிடைத்தது. ஹில்கார்டும் அவருடைய பழைய மாணவரான லஃப்ரிட்ஜும் குழி தோண்டி, அடி அடியாக மண் எடுத்து ஒவ்வோர் அடுக்கிலும் உப்பின் அளவைப் பார்த்தார்கள். பாசனம் பெறாத நிலத்தில், அந்த வறண்ட பகுதியின் சொற்ப மழை எவ்வளவு ஆழம் இறங்குமோ அந்த ஆழத்தில் உப்பு அடங்கிக் கிடந்தது. மேல்மண் ஓரளவு சுத்தமாக இருந்தது. பாசனம் பெற்ற நிலத்திலோ உப்பு மேலே ஏறி, தரைமட்டத்தில் குவிந்திருந்தது.

தண்ணீரை அளவில்லாமல் பாய்ச்சியதாலும் வாய்க்கால்கள் கசிந்ததாலும் நிலத்தடி நீர் மேலே ஏறிவந்திருந்தது. ஃபிரெஸ்னோ பகுதியில் கிணறு தோண்டினால் பல அடி ஆழத்தில் கிடைத்த தண்ணீர், சில ஆண்டுகளில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல மண் அந்த நீரை மேலே இழுத்தது. வெயிலில் நீர் ஆவியானது, உப்பு மேலேயே நின்றது. ஆக, வெளியிலிருந்து வந்த உப்பை விட நிலத்துக்குள் உறங்கிக் கிடந்த உப்பே பல இடங்களில் கேடு செய்தது. அதை எழுப்பிவிட்டது வடிகால் இல்லாத பாசனம்.

இதே கதை வேறொரு நாட்டில் முன்பே நடந்திருப்பதை ஹில்கார்ட் கவனித்தார். அது வட இந்தியா. யமுனை, கங்கைக் கால்வாய்களின் பாசனப் பகுதியில் நிலத்தில் பூக்கும் உப்பை அங்குள்ள விவசாயிகள் ரே என்றும், அதனால் கெட்ட நிலத்தை ஊசர் என்றும் சொல்வார்கள். மேற்கு யமுனைக் கால்வாய்ப் பகுதியிலிருந்து 1850-களிலேயே அரசுக்குப் புகார் போயிற்று. 1870-களில் இதை விசாரிக்க ஆங்கில அரசு ஒரு குழுவையும் அமைத்தது. அந்த அறிக்கைகளைப் படித்த ஹில்கார்ட், இந்தியாவில் நடந்தது கலிபோர்னியாவிலும் நடக்கும் என்று எச்சரித்தார். பாசனம், வடிகால், உப்பு மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று விளக்கி 1886-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்.

கால்வாய் வெட்டுவோருக்கும் நிலம் விற்போருக்கும் இந்தப் பேச்சு இனிக்கவில்லை. கலிபோர்னிய நிலம் கெட்டுப்போகும் என்று பல்கலைக்கழகப் பேராசிரியரே சொன்னால் யார் வந்து நிலம் வாங்குவார்கள்? 1887-இல் விவசாயிகள் சேர்ந்து பாசன மாவட்டங்களை அமைத்துக்கொள்ளக் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. எல்லோருடைய கண்ணும் தண்ணீரைக் கொண்டுவருவதிலேயே இருந்தது. வரும் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டும்போதே போகும் தண்ணீருக்கும் வழி வெட்ட வேண்டும் என்று அவர் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளையும் கறுப்பும்

உப்பு எல்லாம் ஒன்றல்ல என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. வெள்ளைப் படலத்தில் பெரும்பாலும் இருந்தவை சாதாரண உப்பும் சோடியம் சல்பேட்டும். அளவு மிகுந்தால்தான் இவை பயிரைக் கொல்லும். கறுப்புப் படலத்தில் இருந்தது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. இது கொஞ்சம் இருந்தாலே போதும், தண்டின் அடிப்பட்டையை அரித்துவிடும். மண்ணின் மக்கைக் கரைக்கும். தேங்கிய நீர் கறுத்ததற்குக் கரைந்த மக்கே காரணம். களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, தண்ணீர் இறங்காத சேறாக்கிவிடும்.

இதற்கு அவர் கொடுத்த மருந்து ஜிப்சம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அது சோடியம் கார்பனேட்டோடு சேரும்போது கார்பனேட் சுண்ணாம்பாக மண்ணில் படிந்துவிடுகிறது, மிஞ்சுவது சோடியம் சல்பேட். கடுமையான கறுப்பு உப்பு, தீங்கு குறைந்த வெள்ளை உப்பாக மாறுகிறது. பிறகு தண்ணீர் கட்டி அதைக் கரைத்து வடித்துவிடலாம். ஜிப்சம் இடாமல் வெறுமனே தண்ணீர் கட்டினால் இறங்காது, இறங்கினாலும் கரைந்த மக்கும் சத்தும் சேர்ந்து போய்விடும். எனவே முதலில் ஜிப்சம், பிறகு தண்ணீர், கூடவே வடிகால் என்ற வரிசையை அவர் வகுத்தார்.

டுலேரி ஊருக்கு அருகே பல்கலைக்கழகம் அமைத்த துணை ஆய்வு நிலையத்தில் இதைச் செய்து காட்டினார். உப்புத் திட்டுகள் உள்ள நிலத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஜிப்சம் இட்டு, எதுவும் முளைக்காத இடத்தில் கோதுமையை விளைவித்தார்கள். சீர்திருத்த வசதியில்லாத நிலத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து உப்பைத் தாங்கும் தீவனச் செடியின் விதையை வரவழைத்துப் பரப்பினார்கள். எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று பட்டியலிட்டார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு அல்ல, சீனி எடுக்கும் பீட்ரூட் வகை தாங்கியது. ஆரஞ்சு, எலுமிச்சை தாங்கவில்லை.

தண்ணீருக்கும் அவர் ஓர் எல்லை சொன்னார். குடிநீருக்கு அன்று வகுத்திருந்த எல்லை இன்றைய அளவில் லிட்டருக்குச் சுமார் 700 மில்லிகிராம் உப்பு. பொதுவாகப் பாசனத்துக்கும் அதையே எல்லையாகக் கொள்ளலாம் என்றார். ஆனால் மொத்த உப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த உப்பில் ஜிப்சம் போன்றவை மிகுந்திருந்தால் கூடுதலாக இருந்தாலும் ஆபத்து குறைவு, சோடியம் கார்பனேட் மிகுந்திருந்தால் குறைவான அளவும் கேடு.

களர் நிலம் ஏழை நிலம் அல்ல

கல்லாதவருக்கு உவமை தேடிய வள்ளுவர், பயன் தராத களர் நிலத்தைக் காட்டினார். உலகெங்கும் விவசாயிகளின் எண்ணமும் அதுதான். ஹில்கார்ட் இதில் ஒரு மாற்றுக் கருத்தைச் சான்றோடு வைத்தார். மழை மிகுந்த நாடுகளில் ஆண்டாண்டு காலமாக மழைநீர் மண்ணின் சுண்ணாம்பையும் சாம்பல் சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. வறண்ட நாடுகளில் அப்படிக் கழுவப்படுவதில்லை. உப்பு தங்கியிருக்கிறது என்றால் சத்தும் தங்கியிருக்கிறது என்று பொருள். உப்பை மட்டும் நீக்கிவிட்டால் அது வளமான நிலம். மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1892-இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இது. நிலத்தைக் கைவிட இருந்த பலருக்கு இது நம்பிக்கை தந்தது.

எழுபது வயதிலும் விவாதம் அவரை விடவில்லை. வாஷிங்டனில் இருந்த வேளாண்மைத் துறையின் மண் பிரிவு, ஏறத்தாழ எல்லா மண்ணிலும் பயிருக்கு வேண்டிய சத்து போதிய அளவு இருக்கிறது என்று 1903-இல் அறிவித்தது. அப்படியானால் மண்ணின் வேதிப் பகுப்பாய்வுக்கு வேலையே இல்லை. ஹில்கார்ட் இதை வெளிப்படையாக எதிர்த்தார். நடுவண் அரசின் துறையைப் பகைத்துக்கொள்கிறோமே என்று தயங்கவில்லை. 1906-இல் வெளிவந்த மண் பற்றிய அவருடைய பெருநூலில், வறண்ட நிலங்களுக்கும் பாசன நீருக்கும் உப்பு நிலங்களுக்கும் விரிவான இடம் தந்தார்.

1916 ஜனவரி 8 அன்று, 83 வயது நிறைந்த மூன்றாம் நாள், பெர்க்லியில் காலமானார். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் வேளாண் கட்டடம் ஒன்று அவர் பெயரில் திறக்கப்பட்டது. 1925-இல் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கிய வேளாண் ஆய்வு இதழுக்கும் ஹில்கார்டியா என்று பெயரிட்டார்கள்.

அவருக்குப் பின்

ஜிப்சம் வேலை செய்யும் விதத்தை ஹில்கார்ட் பாதிதான் விளக்கியிருந்தார். மண்ணில் கரைந்திருக்கும் சோடாவை மட்டும் அவர் கணக்கில் கொண்டார். களித்துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தை ஜிப்சத்தின் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதை ரஷ்யாவின் கெட்ராய்ட்ஸ் போன்றவர்கள் பின்னர் விளக்கினார்கள். மருந்து மாறவில்லை, எவ்வளவு இட வேண்டும் என்ற கணக்கு துல்லியமாயிற்று. இந்தியாவில் ஊசர் நிலங்களில் ஜிப்சம் சோதனையை அரசின் வேளாண் வேதியியலாளர் லெதர் நடத்தினார். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் அமைந்த அமெரிக்க அரசின் உப்பு நில ஆய்வுக்கூடம் 1954-இல் வெளியிட்ட கையேட்டின் அளவுகோல்களை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறோம்.

அவருடைய எச்சரிக்கை அந்தப் பள்ளத்தாக்கில் வேறு வடிவில் மீண்டும் மெய்யானது. சான் வாக்கீனின் மேற்குப் பகுதி வயல்களிலிருந்து வடிந்த நீரைக் கால்வாய் வழியே கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். 1983-இல் அங்கே நீர்ப்பறவைகளின் குஞ்சுகள் உறுப்புக் குறையோடு பிறப்பது தெரிந்தது. மண்ணிலிருந்து கரைந்து வந்த செலீனியம் என்ற தனிமம் அந்த நீரில் சேர்ந்திருந்ததே காரணம். வடிகால் வேண்டும், வடிந்த நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதை அந்தச் சம்பவம் கற்றுக் கொடுத்தது.

நாம் செய்ய வேண்டியவை

ஹில்கார்ட் கலிபோர்னிய விவசாயிகளிடம் கேட்டது மண்ணும் தண்ணீரும்தான். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். புதுக் கிணறோ ஆழ்துளைக் கிணறோ போட்டதும், பயிரைத் தீர்மானிக்கும் முன்பே நீரைச் சோதித்துவிட வேண்டும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் இரண்டு மூன்று முறை அலசி நிரப்பி, பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம் எழுதி, தாமதமில்லாமல் பரிசோதனை நிலையத்தில் சேர்க்க வேண்டும். மழைக்குப் பின்னும் கோடையிலும் நீரின் தன்மை மாறும் என்பதால் இரு பருவத்திலும் சோதிப்பது நல்லது.

முடிவுத்தாளில் இரண்டு எண்களை முதலில் பாருங்கள். ஒன்று மின்கடத்தும் திறன். இது மொத்த உப்பைக் காட்டும். மற்றொன்று எஞ்சிய சோடியம் கார்பனேட். இதுதான் ஹில்கார்டின் கறுப்பு உப்புக்கு உரிய அளவு. லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலென்ட்டுக்குக் குறைவாக இருந்தால் பயமில்லை. 1.25 முதல் 2.5 வரை எச்சரிக்கை வேண்டும். 2.5-க்கு மேல் போனால் அந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சும் நிலம் களராக மாறும். இந்த அளவில் ஒன்றைக் குறைக்க, ஏக்கருக்கு ஓர் அங்குல நீருக்குச் சுமார் 9 கிலோ தூய ஜிப்சம் தேவை. தொட்டியில் ஜிப்சத்தைப் பரப்பி அதன் வழியே கிணற்று நீரைச் செலுத்தும் ஜிப்சம் படுகை முறையும் நம்மிடம் பரிந்துரையில் உள்ளது.

நிலம் ஏற்கெனவே களராகிவிட்டால், மண் பரிசோதனை சொல்லும் அளவு ஜிப்சத்தை இட வேண்டும். வயலைச் சமன்படுத்திச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஜிப்சத்தை மேல்மண்ணில் கலந்து, நல்ல நீரை 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டி, ஓரிரு நாள் கழித்து வடிக்க வேண்டும். இதை மூன்று நான்கு முறை செய்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதபின் நெல் நடலாம். களரைத் தாங்கும் டிஆர்ஒய் 1, டிஆர்ஒய் 3 நெல் ரகங்கள் திருச்சி வேளாண் கல்லூரியிலிருந்து வந்தவை. ஜிப்சம் இட்டுவிட்டு வடிகால் வெட்டாமல் விட்டால் செலவு வீண். உப்பு வயலை விட்டு வெளியே போனால்தான் வேலை முடிந்ததாகப் பொருள்.

விரிவாக்க அலுவலர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ஒரு ஊரில் ஒரு வயல் வெள்ளை பூத்தால் அது அந்த விவசாயியின் பிரச்சினை மட்டுமல்ல. பக்கத்துக் கிணறுகளின் நீரையும், வாய்க்கால் கசிவையும், அடைபட்ட வடிகாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும். மேல்மண்ணோடு அடிமண்ணையும் எடுங்கள். அங்கே என்ன களை முளைக்கிறது என்று விவசாயியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 140 ஆண்டுகளுக்கு முன் பெர்க்லியிலிருந்து அச்சிட்டு அனுப்பப்பட்ட குறிப்பில் இருந்தவையும் இவையே. நம் வயலுக்கும் அவை அப்படியே பொருந்துகின்றன.